மாதவாரியாக வெட்டினால் டேபிள் வேகமாகிவிடாது

கிள்ளான் பள்ளத்தாக்கில் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களிடையே ஒரு முடிவு, யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது. டேபிள் பெரிதாகிவிட்டதா? தேதியைப் பிடித்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷனாக வெட்டு, குவெரி வேகமாகிவிடும். மேரு சாலையோரத் தொழிற்சாலையின் கிடங்குக் கணக்கானாலும், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் லோரி கம்பெனியின் டிரிப் பதிவானாலும், பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் நடக்கும் கணக்கு அலுவலகத்தின் விலைப்பட்டியலானாலும் மருந்து ஒன்றுதான். இ-இன்வாய்ஸ் வந்தபின் இந்தப் பழக்கம் இன்னும் வலுத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கிய கட்டாயம், 2025 ஜனவரி, ஜூலை எனப் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் இறங்கி வந்தது. "இனித் தரவு குவியும், இப்போதே வெட்டி வைத்துவிடு" என்ற அறிவுரையும் கூடவே இறங்கி வந்தது.

இந்த அறிவுரை தவறு. பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இது பயனற்றது. பல இடங்களில் கேடு. ரேஞ்ச் பார்ட்டிஷன் தரவைத் தேடுவதற்காக முதன்மையாக ஏற்பட்டதல்ல. தரவை வெளியேற்றுவதற்காக ஏற்பட்டது. ஒரு டேபிளிலிருந்து தரவு எப்போது வெளியேறும், எந்த மொத்தமாக வெளியேறும், எந்தச் சட்டத்தின்படி வெளியேறும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாதவர் எல்லைக்கோடு போடக் கூடாது. என் வாதம் இவ்வளவுதான். இதை நிறுவ முடியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்கிறேன். ரேஞ்ச் பார்ட்டிஷன் என்றால் வெளியே ஒரே டேபிளாகத் தெரிவதை உள்ளே பல துண்டுகளாக வைப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. "மார்ச் மாத விற்பனை" என்று கேட்டால் தரவுத்தளம் மார்ச் துண்டை மட்டும் தொட்டு, மற்றவற்றை ஒதுக்கிவிடும். நடப்பு மாதத் துண்டு சிறியது, அதனால் நினைவகத்திலேயே தங்கும். பிற்பாடு டேபிள் பூதாகரமானபின் வெட்டுவது வேதனை, ஆகவே முன்கூட்டியே வெட்டுவது விவேகம். மூன்றும் கேட்க நியாயமாக இருக்கின்றன. ஆரக்கிள் இந்த வசதியை 1997-இல் எட்டாம் பதிப்பிலேயே கொடுத்துவிட்டது. ஆனால் நம் ஊர்ச் சிறு கம்பெனிகள் நம்பியிருக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கு அது 2008-இல்தான் 5.1 பதிப்பில் வந்தது. போஸ்ட்கிரெஸில் நேரடியாக எழுதக்கூடிய வடிவம் 2017-இல், பத்தாம் பதிப்பில் வந்தது. பெரிய வங்கிகளின் கருவி கைக்கு எட்டிவிட்டது என்ற உற்சாகத்தில், அந்த வங்கிகள் அதை எதற்குப் பயன்படுத்தின என்பதை நாம் கேட்க மறந்துவிட்டோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். மேருவில் 100 லோரி ஓட்டும் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். லோரிக்கு நாளொன்றுக்கு 4 டிரிப், வருடத்தில் ஒரு நாளும் ஓய்வில்லை என்று தாராளமாகவே கணக்குப் போடலாம். நாளுக்கு 400 வரி, வருடத்துக்கு 1,46,000 வரி. எட்டு வருடத் தரவை வைத்திருந்தாலும் 11,68,000 வரிதான். வரிக்கு 500 பைட் என்றாலும் மொத்தம் 584 மெகாபைட். கையில் இருக்கும் கைப்பேசியின் நினைவகத்தில் அடங்கும் டேபிள் இது. இதை மாதவாரியாக வெட்டினால் 96 துண்டுகள் வரும். துண்டுக்கு ஏறத்தாழ 12,000 வரி. பார்ட்டிஷனால் பயன் வேண்டுமென்றால் டேபிளின் அளவு சர்வரின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பொது அளவுகோலாகப் போஸ்ட்கிரெஸின் ஆவணமே சொல்கிறது. அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில்கூட இந்த டேபிள் வராது.

"அளவு சிறியதாக இருந்தால் என்ன, வேகம் கூடுமே" என்பார்கள். கூடாது. இண்டெக்ஸ் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸை 8 கிலோபைட் பக்கங்களாக வைக்கிறது. எண் வகைச் சாவியானால் ஒரு பக்கத்தில் 300 உள்ளீடுகள் தாராளமாக அடங்கும். அந்தக் கணக்கில் மூன்றடுக்கு இண்டெக்ஸ் 2.7 கோடி வரிகளைத் தாங்கும். நான்காவது அடுக்கு வந்தால் 810 கோடி. நம் லோரி கம்பெனியின் வெட்டாத டேபிளில் ஒரு டிரிப் எண்ணைத் தேட மூன்று இண்டெக்ஸ் பக்கங்களைப் படித்தால் போதும். 96 துண்டுகளாக வெட்டிய டேபிளில், தேதி சொல்லாமல் அதே எண்ணைக் கேட்டால், 96 இண்டெக்ஸ்களிலும் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் என்றாலும் 192 பக்கம். மூன்றை 192 ஆக்கிவிட்டு அதை வேகம் என்று அழைக்க முடியாது.

தேதி சொல்லாமல் யார் தேடுகிறார்கள்? எல்லோரும்தான். கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. வாடிக்கையாளர் ஃபோனில் சொல்வது அந்த எண்ணைத்தான். "இந்தப் பெட்டி எப்போது வெஸ்ட்போர்ட்ஸிலிருந்து வெளியே வந்தது?" என்றுதான் கேட்பார். தேதி அவருக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். விலைப்பட்டியலைத் தேடும் கணக்கரிடம் இருப்பது பட்டியல் எண். சம்பளப் பிரிவில் இருப்பது ஓட்டுநரின் பெயர். தேதியால் வெட்டிய டேபிள் இந்தக் கேள்விகள் அனைத்துக்கும் எல்லாத் துண்டுகளையும் திறக்கிறது. திறப்பதற்கு முன் திட்டமிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் இண்டெக்ஸுக்கும் பூட்டுப் போடுகிறது. போஸ்ட்கிரெஸ் 17 வரை ஒரு இணைப்புக்கு 16 விரைவுப் பூட்டு இடங்கள்தான். அதற்கு மேல் போனால் எல்லா இணைப்புகளும் போட்டியிடும் பொதுப் பட்டியலுக்குப் போக வேண்டும். 18-ஆம் பதிப்பு இதைத் தளர்த்தியிருக்கிறது. ஆனால் வேண்டாத 96 துண்டுகளை வைத்துக்கொண்டு அடுத்த பதிப்பை எதிர்பார்த்திருப்பது வடிவமைப்பு ஆகாது.

தேதியைச் சொல்லிக் கேட்கும் மாத அறிக்கையாவது பிழைக்குமா? பல இடங்களில் அதுவும் பிழைப்பதில்லை. அறிக்கை எழுதியவர் தேதியை எழுத்தாக மாற்றி, அது "2025-03" ஆக இருக்கிறதா என்று ஒப்பிட்டிருப்பார். தேதிப் பத்தியை ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைத்த கணமே துண்டுகளை ஒதுக்கும் வழி அடைபட்டுவிடும். தரவுத்தளம் 96 துண்டுகளையும் படிக்கும். மார்ச் 1-க்குச் சமம் அல்லது பிந்தையது, ஏப்ரல் 1-க்கு முந்தையது என்று எழுதினால்தான் ஒரு துண்டு மட்டும் திறக்கும். அப்படி எழுதத் தெரிந்தவருக்கு, வெட்டாத டேபிளில் தேதி மீது ஒரு சாதாரண இண்டெக்ஸ் இருந்தால், இந்த அளவுத் தரவுக்கு அதுவே போதும்.

ஆரக்கிளில் துண்டுகளைக் கடந்து நிற்கும் குளோபல் இண்டெக்ஸ் உண்டு. அங்கே கண்டெய்னர் எண் தேடல் தப்பித்துக்கொள்ளும். அதற்கு விலையாக, ஒரு துண்டை நீக்கும்போது அந்த இண்டெக்ஸைச் சரிசெய்யும் வேலை வந்து சேரும். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் அப்படியோர் இண்டெக்ஸே கிடையாது. ஆரக்கிள் அனுபவத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் அறிவுரை சொல்வது இங்கே அடிக்கடி நடக்கிறது, அது செல்லாது.

அப்படியானால் இந்தக் கருவி எதற்கு? ஒரே காரணம் உறுதியானது: மொத்தமாக வெளியேற்ற. ஒரு பெரிய டேபிளிலிருந்து ஒரு வருடத் தரவை வரிவரியாக அழித்தால், போஸ்ட்கிரெஸில் செத்த வரிகள் அங்கேயே கிடக்கும், வேக்கூம் வந்து துப்புரவு செய்ய வேண்டும், இண்டெக்ஸ்கள் ஊதிப்போயிருக்கும், பதிவேட்டுக் கோப்புகள் குவியும். அதே வருடம் தனித் துண்டாக இருந்தால் ஒரு டிராப் கட்டளையில், கண்ணிமைக்கும் நேரத்தில், கோப்போடு போய்விடும். இது மெய்யான லாபம். இந்த லாபம் கிடைக்க வேண்டுமென்றால் துண்டின் எல்லையும் வெளியேற்றத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மலேசியாவில் விலைப்பட்டியல் எப்போது வெளியேறலாம்? 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், ஆவணம் எந்த ஆண்டின் வருமானத்தோடு தொடர்புடையதோ அந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 7 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் கணக்கு ஆவணங்களுக்கு 7 ஆண்டு என்கிறது. வரிச் சட்டத்தின் அளவுகோல் ஆண்டு, மாதம் அல்ல. 2018 மார்ச் மாதத்து விலைப்பட்டியலும் நவம்பர் மாதத்து விலைப்பட்டியலும் ஒரே கணக்காண்டைச் சேர்ந்தவை என்றால், வரிச் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே நாளில் விடுதலை பெறுகின்றன. மார்ச் துண்டைத் தனியாக முன்கூட்டியே நீக்க முடியாது. நீக்க முடியாத ஒன்றை ஏன் தனித் துண்டாக வைக்க வேண்டும்? 8 துண்டுகள் செய்யும் வேலையை 96 துண்டுகளிடம் கொடுத்துவிட்டு, அவற்றை உருவாக்கவும் சரிபார்க்கவும் மாதந்தோறும் ஆளை வைத்திருக்கிறோம்.

அந்த ஆண்டும் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஜூன் 30-இல் கணக்கை முடிக்கும் கம்பெனிக்கு 2025 மதிப்பீட்டாண்டு என்பது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. அந்தக் கம்பெனியின் எல்லைக்கோடு ஜூலை 1-இல் விழ வேண்டும். கணக்கு முடிக்கும் தேதியை இடையில் மாற்றிய கம்பெனிக்கு ஒரு துண்டு 18 மாதம் நீளலாம், இன்னொன்று 6 மாதத்தில் முடியலாம். ரேஞ்ச் பார்ட்டிஷனின் தனிச்சிறப்பே இதுதான்: துண்டுகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி 2015 ஏப்ரல் 1-இல் வந்தது. 2018 ஜூன் 1-இல் பூஜ்ய விகிதமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி திரும்பியது. அந்தக் காலத்து வரி ஆவணங்களைத் தனியே தொகுத்துப் பழைய சேமிப்புக்கு அனுப்ப விரும்புபவர் 38 மாதத்துக்கு ஒரு துண்டு, இடைப்பட்ட 3 மாதத்துக்கு ஒரு துண்டு, அதற்குப் பின் ஒன்று என்று நாட்டின் வரி வரலாற்றை அப்படியே எல்லைகளாக எழுதலாம். மாதத்துக்கு ஒன்று என்று இயந்திரத்தனமாக வெட்டுபவர் இந்தக் கருவியின் சிறந்த குணத்தைத்தான் தூக்கி எறிகிறார்.

எதிர்த்தரப்பு சொல்லாமல் விடும் இன்னொரு கேள்வி: எந்தத் தேதி? மேற்கு மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் யூடிசியைவிட 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸின் தேதியும் நேரமும் யூடிசியில் இருக்க வேண்டும். ஆகவே 2025 ஜனவரி 1 காலை 7 மணிக்குக் கிள்ளானில் வெளியிட்ட பட்டியல், யூடிசி பத்தியில் 2024 டிசம்பர் 31, இரவு 11 மணி என்று நிற்கும். அந்தப் பத்தியை வைத்து வெட்டினால் புது வருடக் காலைப் பட்டியல்கள் பழைய வருடத் துண்டில் போய் விழும். பின்னொரு நாளில் 2024 துண்டை நீக்கும்போது அவையும் சேர்ந்து போகும். சட்டம் கேட்ட காலத்துக்கு ஒரு வருடம் முன்னதாகவே. போஸ்ட்கிரெஸில் இதே பொறி வேறு வடிவிலும் உண்டு: நேர மண்டலத்தோடு கூடிய பத்திக்கு எல்லை எழுதும்போது, எழுதும் இணைப்பின் மண்டலம் யூடிசியாக இருந்தால், "ஜனவரி 1" என்று எழுதிய கோடு நம் காலை 8 மணிக்குப் போய் நிற்கும். எஸ்க்யூஎல் சர்வரில் எல்லைத் தேதி எந்தப் பக்கத் துண்டைச் சேரும் என்பதை நாமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடப்பக்கம், அதாவது பழைய துண்டு. ஜனவரி 1 நள்ளிரவு என்று பதிவான வரிகள் அத்தனையும் டிசம்பருக்குள் அடங்கிவிடும். இதற்கு என் பரிந்துரை எளிமையானது: கணக்காண்டு என்ற ஒரு முழு எண் பத்தியைத் தனியே வைத்து, விதி தெரிந்த கணக்கரின் சொற்படி அதை நிரப்பி, அதன்மீதே எல்லை போடுங்கள். கடிகாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

மாத வெட்டின் மிக மோசமான விளைவு தனித்தன்மை விதியில் தெரியும். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும், பார்ட்டிஷன் செய்த டேபிளின் தனித்தன்மை விதிக்குள் பார்ட்டிஷன் சாவியும் இருந்தாக வேண்டும். பட்டியல் எண் மட்டும் தனித்து இருக்க வேண்டும் என்று விதித்த டேபிள், தேதியால் வெட்டியதும், பட்டியல் எண்ணும் தேதியும் சேர்ந்து தனித்து இருந்தால் போதும் என்று இளகிவிடுகிறது. ஒரே எண்ணில் மார்ச் 3-இல் ஒரு பட்டியல், மார்ச் 4-இல் இன்னொன்று. தரவுத்தளம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். வரித் தணிக்கையில் இதற்கு யார் பதில் சொல்வது? கணக்காண்டைச் சாவியாக வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கரைந்துவிடும், ஏனெனில் பல கம்பெனிகளில் பட்டியல் எண் வருடந்தோறும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. வருடத்துக்குள் தனித்தன்மை என்பதுதான் அவர்களுக்கு உண்மையிலேயே வேண்டிய விதி. வெளியேற்றத்தை நினைத்து எடுத்த முடிவு இங்கேயும் கைகொடுக்கிறது. பட்டியலின் உள்வரிகள் வைத்திருக்கும் டேபிளுக்கும் அதே சாவியைக் கொடுக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் தலைப்பு போய்விடும், வரிகள் அநாதையாக நிற்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி டேபிளைப் பார்ட்டிஷன் செய்தால் அயல் சாவியே வைக்க முடியாது என்பதால் அங்கே இந்த ஆபத்து இரட்டிப்பு.

"எல்லைக்கு வெளியே வருபவற்றுக்கு ஒரு டிஃபால்ட் பார்ட்டிஷன் வைத்துவிட்டால் பயமில்லை" என்ற ஆறுதலும் ஏற்கத்தக்கதல்ல. அடுத்த மாதத் துண்டை உருவாக்க மறந்தால் தரவு சத்தமில்லாமல் டிஃபால்ட்டில் சேரும். பிறகு அந்த மாதத் துண்டைச் சேர்க்கப் போனால், போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட்டைப் பூட்டி முழுவதும் படித்துப் பார்க்கும். அந்த மாதத்து வரி ஒன்று இருந்தாலும் மறுத்துவிடும். டிஃபால்ட் இல்லாதிருந்தால் முதல் வரியிலேயே பிழை வந்து, அன்றே திருத்தியிருப்போம். வருடத் துண்டுகளானால் பத்து வருடத்துக்கும் ஒரே நாளில் எழுதி வைத்துவிடலாம், மறதிக்கே இடமில்லை.

தேதியை விட்டுவிட்டு அடையாள அட்டை எண்ணால் உறுப்பினர் டேபிளை வெட்டுவோரும் உண்டு. நம் அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 2003-இல் பிறந்த மகன் 03 என்று தொடங்கி, 1968-இல் பிறந்த அப்பாவின் 68-க்கு முன்னால் போய் நிற்பான். யாரும் பிறந்த தேதி வரிசையில் உறுப்பினராவதும் இல்லை, விலகுவதும் இல்லை. வெளியேற்றத்துக்கு உதவாத, வரிசையும் மெய்யாக இல்லாத சாவி ரேஞ்சுக்கு ஆகாது. சுமையைப் பரப்புவதுதான் நோக்கமென்றால் ஹாஷ் பார்ட்டிஷன் இருக்கிறது.

ரேஞ்ச் பார்ட்டிஷனை நான் ஒதுக்கவில்லை. அதே 100 லோரிகளில் ஜிபிஎஸ் கருவி 30 விநாடிக்கு ஒரு முறை இருப்பிடம் அனுப்பினால், லோரிக்கு நாளுக்கு 2,880 வரி, கம்பெனிக்கு 2,88,000, வருடத்துக்கு பத்தரைக் கோடி. வரிக்கு 100 பைட் என்றால் 10 ஜிகாபைட்டுக்கு மேல். இதில் ஓட்டுநரின் நடமாட்டம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்தபின் இத்தகைய தரவை வைத்திருக்காதே என்கிறது. நோக்கத்துக்கு 90 நாள் போதுமென்று கம்பெனி முடிவு செய்தால், நாளுக்கு ஒரு துண்டு, தினமும் ஒன்று நீங்கும். இங்கே மாதத் துண்டு மிகப் பெரிது. ஒரு துண்டு முழுதாக முதிரும்வரை, காலம் கடந்த தரவை ஒரு மாதம் கூடுதலாக வைத்திருக்க வேண்டிவரும். ஒரே கம்பெனி, மூன்று டேபிள்: டிரிப்புக்குத் துண்டே வேண்டாம், விலைப்பட்டியல் மிகப் பெருத்தால் கணக்காண்டுத் துண்டு, ஜிபிஎஸ்ஸுக்கு நாள் துண்டு. மாதம் எங்கேயும் வரவில்லை.

கடைசி வாதம் "பின்னால் வெட்டுவது கஷ்டம்" என்பது. கொஞ்சம் கஷ்டம்தான், நடக்காத காரியம் அல்ல. போஸ்ட்கிரெஸில் இருக்கும் டேபிளின் மீது அதன் எல்லையைச் சொல்லும் கட்டுப்பாட்டை முதலில் போட்டு, ஓடும் வேலைகளை நிறுத்தாமல் சரிபார்த்துவிட்டு, முழு டேபிளையும் பழைய காலத்துத் துண்டாகப் புதுத் தாய் டேபிளோடு இணைக்கலாம். இணைக்கும்போது வரிகளை மறுபடி படிக்க வேண்டியதில்லை. சாவியை முன்கூட்டியே விரிவாக்கி வைத்திருந்தால் நிறுத்தம் சொற்ப நேரம்தான். தவறான எல்லையோடு வாழும் 96 துண்டுகளை ஒன்றாக்கி மறுபடி வெட்டுவதில்தான் பெரிய வேதனை இருக்கிறது. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் அந்த வேதனையைத்தான் இன்று விலைக்கு வாங்குகிறோம்.

ஆகவே அடுத்த முறை "வெட்டிவிடலாமா" என்ற பேச்சு எழும்போது, கிரியேட் கட்டளைக்கு முன் டிராப் கட்டளையை எழுதச் சொல்லுங்கள். எந்தத் துண்டு, எந்த நாளில், எந்தச் சட்டத்தின்படி நீங்கும் என்று அதில் இருக்கட்டும். கணக்கர் அதில் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கட்டளையை எழுத முடிந்தால் எல்லைகள் தாமாகவே தெரிந்துவிடும். எழுத முடியாவிட்டால் அந்த டேபிளுக்குப் பார்ட்டிஷன் தேவையில்லை. நல்ல இண்டெக்ஸ் ஒன்றை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.